பகடையில் பிறக்கும் எலிமனிதர்

1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. மரப்பலகை போல அச்சிட்ட தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி. உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். முதல் தவணையில் அச்சானவை 1,000 பெட்டிகள்தான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கிய அந்த விளையாட்டின் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அதன் முதல் புத்தகத்தில் ஒரு குட்டிப் பத்தி உண்டு. வேகமாகப் படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். ஆட்டக்காரர் மனிதராகத்தான் விளையாட வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஏறக்குறைய எதுவாகவும் ஆகலாம், டிராகனாகக்கூட ஆகலாம் என்கிறது அந்தப் பத்தி. ஒரே ஒரு நிபந்தனை: பலமில்லாமல் தொடங்கி, மெல்ல மெல்ல மேலே வரவேண்டும்.

அன்று திறந்த அந்தக் கதவு வழியாக ஐம்பது ஆண்டுகளாக விதவிதமான உயிர்கள் உள்ளே வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் என்னை மிகவும் ஈர்த்தவர் எலிமனிதர். பாதி மனிதர், பாதி கொறிவிலங்கு. இல்லாத ஓர் உயிரைக் காகிதத்தில் நடமாட வைக்க, உண்மையான எலியின் உடலைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. இங்கே ஓர் எலியினத்தை நாமே ஒவ்வொரு விதியாகக் கட்டிப் பார்க்கலாம். பெயர் தேவைப்படுகிறது, ‘எலியர்’ என்று வைத்துக்கொள்வோம்.

விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது பாத்திர விளையாட்டு. அதாவது ஆளுக்கொரு கற்பனைக் கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்லியே ஆடும் ஆட்டம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் நடுவர். “உங்கள் முன்னால் ஈரமான படிக்கட்டு இறங்குகிறது, கீழே இருட்டு” என்று அவர் சொல்வார். என்ன செய்யலாம் என்று மற்றவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். பலன் உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும். பலகை வேண்டாம், திரை வேண்டாம், காய்கள்கூடக் கட்டாயமில்லை.

பகடையிலேயே ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. பழைய முறையில் வலிமை, அறிவு, லாவகம் போன்ற ஆறு குணங்களுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டுவார்கள். மூன்று பகடைகள் 216 விதங்களில் விழலாம். அவற்றில் 18 வருவது ஒரே ஒரு விதம். 9 முதல் 12 வரை வருவதற்கோ 104 விதங்கள். 216 பேர் படிக்கும் பள்ளியில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் நடுத்தரம், ஒருவர் மட்டும் பீமன் என்று கணக்கு தானாகவே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. யாரும் திட்டமிடாமலேயே ஒரு சமூகத்தின் வடிவம் மூன்று பகடைகளிலிருந்து எழுந்து நிற்கிறது.

சண்டைக்கும் ஆபத்துக்கும் வேறு பகடைகள். நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்டவை. கிரேக்கர் காலத்திலிருந்தே வடிவியலில் புகழ்பெற்ற ஐந்து சீரான திண்மங்கள் இவைதாம். எல்லா முகமும் ஒரே அளவான சீர்பலகோணமாகவும் எல்லா மூலையும் ஒரே மாதிரியாகவும் அமையும் திண்மங்கள் ஐந்துதான் இருக்க முடியும். பள்ளிகளுக்குக் கணிதக் கருவிகள் விற்ற ஒரு கலிபோர்னிய நிறுவனத்திடமிருந்துதான் முதலில் இவற்றை வாங்கி விற்றார்கள்.

1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த 64 பக்க அடிப்படை விதிநூலைத்தான் இன்றும் பலர் பழைய பாணியின் உச்சமாகக் கொண்டாடுகிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். அதில் மனிதர்களுக்குப் போர்வீரர், திருடர், மந்திரவாதி, குரு என்று தொழில்கள் உண்டு. எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங் ஆகிய கற்பனை இனத்தாருக்கோ இனமே தொழில். ஒருவர் ட்வார்ஃப் என்று சொன்னால் போதும். அவர் எப்படிச் சண்டையிடுவார், எதைத் தாங்குவார், எதைக் கண்டுபிடிப்பார் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கம்தான் நமக்கும் எல்லை. எலியின் கோடிக்கணக்கான ஆண்டுப் பரிணாமத்தை அரை டஜன் விதிகளுக்குள் அடைத்தாக வேண்டும்.

எலிமனிதருக்கு முன்னோர் உண்டு. 1968இல் வெளியான ஃப்ரிட்ஸ் லைபரின் ‘தி ஸ்வார்ட்ஸ் ஆஃப் லாங்க்மார்’ நாவலில், மாநகரத்துக்கு அடியிலேயே அறிவுள்ள எலிகளின் இன்னொரு நகரம் இயங்குகிறது. கைகாக்ஸ் தன்மேல் தாக்கம் செலுத்தியவர்களின் பட்டியலை 1979இல் வெளியிட்டபோது லைபரும் அதில் இருந்தார். 1986இல் பிரிட்டனின் ‘வார்ஹாமர்’ போர் விளையாட்டில், ஜெஸ் குட்வின் என்ற சிற்பி வடித்த ‘ஸ்கேவன்’ எலிப்படை வந்தது. அதன் பிறகு எலிமனிதரை மறக்க யாராலும் முடியவில்லை. இவர்கள் பெரும்பாலும் எதிரிகள். மேசையில் நம் பக்கத்தில் உட்காரும் எலியைக் கட்டுவது அதைவிடக் கடினம், ஏனென்றால் எதிரிக்கு அச்சமூட்டும் தோற்றம் போதும். ஆட்டக்காரருக்கோ மாதக்கணக்கில் வாழ்ந்து பார்க்கத்தக்க உடல் வேண்டும்.

ஆகவே உடலில் தொடங்குவோம். சாக்கடை எலி வாலை விட்டுவிட்டால் 22 செ.மீ. நீளம், 300 கிராம் எடை இருக்கும். அதை நாலரை மடங்கு பெரிதாக்கினால் ஒரு மீட்டர் வரும். நான்கு வயதுப் பிள்ளையின் உயரம். எடை? நீளம், அகலம், உயரம் மூன்றும் நாலரை மடங்காவதால் எடை 91 மடங்காகி 27 கிலோவைத் தொடும். ஆனால் காலெலும்பின் குறுக்குப் பரப்பு 20 மடங்குதான் கூடும். எலும்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் முன்பைவிட நாலரை மடங்கு பாரம் தாங்க வேண்டும். எனவே எலியை அப்படியே ஊதிப் பெரிதாக்கினால் சரிப்படாது. கால்கள் தடிக்க வேண்டும். இயற்கை இதைச் செய்து காட்டியிருக்கிறது. தென்னமெரிக்காவின் கேபிபாரா 50 கிலோவுக்கு மேல் வளரும் கொறிவிலங்கு. அதன் உடல் பீப்பாய், கால்கள் குட்டைத் தூண்கள்.

உயரத்திலிருந்து விழுவதிலும் இதே கணக்குத்தான். உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1926இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், ஆழமான சுரங்கக் குழிக்குள் விழும் சுண்டெலி எழுந்து ஓடிவிடும், எலி இறந்துவிடும் என்று விளக்கினார். (பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமானவர் இவர்.) காற்றின் தடை உடற்பரப்பைப் பொறுத்தது, விழும் வேகத்தைத் தூண்டுவது எடை. 27 கிலோ எலியருக்கு இந்தச் சலுகை எதுவும் மிஞ்சாது. விழுந்தால் நம்மைப் போலத்தான் அடிபடுவார். ‘எலிதானே, விழுந்தால் ஒன்றும் ஆகாது’ என்று விதி எழுதக் கை துறுதுறுக்கும், எழுதக் கூடாது.

அடுத்தது உயிர்ப்புள்ளி. ஒருவர் எவ்வளவு அடி தாங்குவார் என்பதைக் காட்டும் எண் இது. தொடக்க நிலையான முதல் படியில் போர்வீரர் எட்டு முகப் பகடையையும், ஹாஃப்லிங் ஆறு முகப் பகடையையும், திருடர் நான்கு முகப் பகடையையும் உருட்டி இதைத் தீர்மானிக்கிறார்கள். வாளின் ஒரு வெட்டு ஒன்று முதல் எட்டு வரை பறிக்கும். ஒரே வெட்டில் உயிர் போகும் வாய்ப்பைக் கணக்கிட்டால், எட்டு முகக்காரருக்கு 56 சதவீதம், ஆறு முகக்காரருக்கு 69, நான்கு முகக்காரருக்கு 81. பகடையின் முகங்கள் நாலு குறைந்ததற்கே இவ்வளவு வித்தியாசம். எலியருக்கு நான் நான்கு முகத்தைத்தான் கொடுப்பேன். எலி நேருக்கு நேர் நின்று வெல்லும் பிராணி இல்லை. ஐந்தில் நான்கு வாள்வெட்டு உயிரைப் பறிக்கும் என்று தெரிந்தவர் ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் நின்று யோசிப்பார். அந்த யோசனைதான் எலித்தனம். அதை நடிக்கச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, பகடை தானே சொல்லித்தந்துவிடும்.

இப்போது புலன்கள். பழைய விதிகளில் எல்ஃபுக்கும் ட்வார்ஃபுக்கும் இருட்டில் 60 அடி தூரம் உடற்சூட்டைக் காணும் வெப்பப் பார்வை உண்டு. எலியருக்கும் அதையே கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் உண்மை எலியின் கண் வெகு மங்கல். நல்ல பார்வையுள்ள மனிதர் 600 அடியில் பிரித்தறியும் விவரத்தை எலி 20 அடிக்கு வந்தால்தான் அறியும். அதற்கு ஈடாக அதனிடம் இருப்பது மீசை. விநாடிக்கு எட்டு முறை போல முன்னும் பின்னும் துடைத்து, எதிரில் உள்ளதன் வடிவத்தையும் சொரசொரப்பையும் தொட்டுப் படிக்கிறது. 1970இல் வூல்சியும் வான் டெர் லூஸும் சுண்டெலியின் மூளையைச் சீவிப் பார்த்தபோது, ஒவ்வொரு மீசைமுடிக்கும் தனித்தனியாக ஒரு நரம்பணு அறை இருப்பதைக் கண்டார்கள். முகத்தில் முடிகள் எந்த வரிசையில் நிற்கின்றனவோ அதே வரிசையில் மூளையில் அறைகள். முகத்தின் வரைபடத்தை மூளை அப்படியே வைத்திருக்கிறது.

இதை விதியாக்கினால்: முழு இருட்டிலும் எலியர் ஐந்தடிக்குள் இருப்பதை விளக்கில்லாமல் அறிவார், தடையின்றிச் சண்டையிடுவார். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்திலும் முப்பது அடிக்கு மேல் வில் எய்தால் குறி தவறும். அறுபதடி வெப்பப் பார்வையைவிட ஐந்தடி மீசை எனக்கு மேலாகப் படுகிறது. தூரத்தைக் காண்பவர் தோழர்களின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறார். எலியருக்கோ வெளிச்சம் பிடிக்க ஒருவர் வேண்டும். விளக்கணைந்த நொடியில் மற்ற எல்லோருக்கும் எலியர் வேண்டும்.

காது இன்னும் விசித்திரம். நம் செவி விநாடிக்கு 20,000 அதிர்வோடு நின்றுவிடுகிறது. எலிக்கு ஏறக்குறைய 80,000 வரை கேட்கும். ஆபத்தைக் கண்டால் 22,000 அதிர்வில் நீளமாகக் கத்தும். விளையாடும்போதும், மனிதர் கிச்சுக்கிச்சு மூட்டும்போதும் 50,000 அதிர்வில் கீச்சிடும். யாக் பாங்க்செப் என்ற நரம்பியலாளர் இந்தக் கீச்சை எலியின் சிரிப்பு என்றே வாதிட்டார். இரண்டும் நமக்குக் கேட்காது. எனவே இரண்டு எலியர் பேசிக்கொள்வது அரக்கனின் காதுக்கு எட்டாது. இங்கேயும் இயற்பியல் ஓர் எல்லைக் கோடு போடுகிறது: அதிர்வு கூடக்கூட ஒலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும், கதவில் பட்டால் திரும்பிவிடும். ஆகவே கள்ளப்பேச்சு ஒரே அறைக்குள் மட்டும். மூடிய கதவுக்கு மறுபக்கம் சிக்கிய தோழருக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால், எல்லோரையும் போல் கத்தத்தான் வேண்டும்.

மூக்கைப் பற்றிச் சொல்ல மகாவா என்ற ஆப்பிரிக்கப் பெருவெலியே போதும். எடை 1.2 கிலோ. தான்சானியாவில் பயிற்சி பெற்று, கம்போடியாவின் வயல்களில் 71 கண்ணிவெடிகளை மோப்பம் பிடித்துக் காட்டியது. 2020இல் விலங்குகளின் வீரத்துக்கான பிரிட்டிஷ் தங்கப் பதக்கம் பெற்ற முதல் எலி அதுதான். உலோகத்தைத் தேடும் கருவி பழைய ஆணிக்கும் தகரத்துக்கும் கூவும். மகாவா வெடிமருந்தின் மணத்துக்கு மட்டுமே நின்றது. மிதித்தாலும் வெடிக்காத அளவு எடை குறைவு என்பது கூடுதல் பேறு. இதிலிருந்து எலியருக்கு நுட்பமான ஒரு விதி கிடைக்கிறது. நஞ்சு தடவிய ஊசி, வெடிமருந்து, அழுகிய இரை போன்ற மணமுள்ள பொறிகளை ஆறு முகப் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் கண்டுபிடிப்பார். காலடியில் திறக்கும் பலகைக்கும் மேலிருந்து விழும் கல்லுக்கும் மணமில்லை. அவற்றில் அவரும் மற்றவர்களைப் போல் விழுவார்.

எனக்கு மிகவும் பிடித்த விதி பல்லைப் பற்றியது. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்கின்றன, ஆண்டுக்கு 10 செ.மீ.க்கும் மேல். பல்லின் முன்புறம் மட்டும் கடினமான எனாமல். அதில் இரும்பு கலந்திருப்பதால்தான் அந்த மஞ்சள் கலந்த செம்மை. பின்புறம் மென்மையான பற்திசு. கடிக்கக் கடிக்கப் பின்புறம் சீக்கிரம் தேய, முன்புறம் உளியாகக் கூர்ந்து நிற்கிறது. சாணை பிடிக்கத் தேவையில்லாத உளி. கடினத்தை ஒன்று முதல் பத்துவரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இரும்புக்கு 4 என்றால் எலிப்பல்லுக்கு 5.5 என்கிறார்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே வெற்றிடம் ஒன்று இருக்கிறது. அதற்குள் கன்னமும் உதடும் மடிந்து வாயை அடைத்துக்கொள்ளும். பற்கள் வெளியே வேலை செய்யும்போது வாய் உள்ளே மூடியிருக்கும். மரத்தூள் தொண்டைக்குப் போகாது.

இப்படியொரு பல் இருந்தால் பூட்டிய கதவு எதற்குத் தடை? இங்கேதான் பழைய விளையாட்டின் புத்திசாலித்தனம் வெளிப்படுகிறது. நிலவறைக்குள் காலத்தைப் பத்து நிமிடச் சுற்றுகளாக எண்ணுவார்கள். ஒரு தீப்பந்தம் ஆறு சுற்றுக்கு எரியும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நடுவர் ஆறு முகப் பகடை உருட்டுவார். ஒன்று விழுந்தால் அலைந்து திரியும் ஏதோ ஒரு பூதம் வந்து சேரும். ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தால் மூன்று உருட்டல், பூதம் வரும் வாய்ப்பு 42 சதவீதம். கருவேலங்கதவை எலியர் ஒரு மணி நேரத்தில் கொறித்துத் துளையிடலாம் என்று விதி வைப்போம். ஆனால் கொறிக்கும் சத்தத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உருட்டல். ஆறு உருட்டல்களில் வாய்ப்பு 67 சதவீதம் ஆகிறது. ஒரு முழுத் தீப்பந்தமும் கரைந்துவிடும். கதவு திறக்கும், ஆனால் மூன்றில் இரண்டு முறை, அது திறப்பதற்கு முன்பே முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பார்கள். எலியரைக் கொறிக்கச் சொல்வதா வேண்டாமா என்று மேசையில் ஐந்து பேரும் வாதிடுவார்கள். எந்தத் தடையும் போடாமல் ஓர் ஆற்றலுக்குச் சரியான விலை வைத்தாயிற்று.

நஞ்சுக்கு வருவோம். எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதற்கான நரம்பு ஏற்பாடே அதனிடம் இல்லை. உள்ளே போனது போனதுதான். அதனால்தான் புதிய தீனியைக் கண்டால் துளி கடித்துவிட்டுக் காத்திருக்கிறது. 1960களில் ஜான் கார்சியா செய்த சோதனைகள் உளவியலாளர்களையே திகைக்க வைத்தன: ஒரு சுவையை அறிந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து வயிற்றைப் புரட்டினாலும், எலி அந்தச் சுவையையே குற்றவாளியாக்கி அதன்பின் ஒதுக்குகிறது. பழைய விதிகளில் நஞ்சுக்குத் ‘தற்காப்பு வீச்சு’ உண்டு. இருபது முகப் பகடையில் குறிப்பிட்ட எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைக்கலாம். போர்வீரருக்கு 12, ஹாஃப்லிங்குக்கு 8. வாந்தி எடுக்க முடியாத எலியருக்கு இதில் சலுகை எதுவும் கிடையாது. அவர் திறமை நஞ்சைத் தாங்குவதில் இல்லை, விழுங்கும் முன் நிறுத்துவதில் இருக்கிறது: ஒருமுறை சுவைத்த நஞ்சை வாழ்நாள் முழுதும் எந்தக் குழம்பில் கலந்தாலும் அடையாளம் காண்பார்.

தாங்கும் எலிகளும் உண்டு, ஆனால் அவை விலை கொடுத்திருக்கின்றன. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் 1948 முதல் எலிமருந்தாக விற்கப்பட்டது. பத்தே ஆண்டில், 1958இல், ஸ்காட்லாந்துப் பண்ணைகளில் அதற்கு அசராத எலிகள் தென்பட்டன. ஒரே ஒரு மரபணுவின் மாற்றம் அவற்றைக் காத்தது. அதே மாற்றத்தால் அவற்றில் பலவற்றுக்கு வைட்டமின் கே மற்ற எலிகளைவிட மிக அதிகமாகத் தேவைப்பட்டது. கிடைக்காத இடத்தில் நஞ்சில்லாமலேயே ரத்தம் கசிந்து இறந்தன. விளையாட்டு வடிவமைப்பாளர் எழுதியிருந்தால் இதைவிடச் சமநிலையான விதியை எழுதியிருக்க முடியாது.

எலியர் என்றால் ஒரே குலம்தானா? கொறிவிலங்குகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள், பாலூட்டிகளில் ஐந்தில் இரண்டு பங்கு. கிழக்கு ஆப்பிரிக்காவின் கொண்டை எலி, அம்புக்கு நஞ்சு எடுக்கும் மரத்தின் பட்டையை மென்று, அந்தச் சாற்றைத் தன் விலாவிலுள்ள தனிவகை முடிகளில் பூசிக்கொள்கிறது. முடியின் மேலோடு சல்லடையாகத் துளைபட்டிருப்பதால் நஞ்சு உள்ளே ஊறி நிற்கும். கவ்விய நாய் செத்துவிழும். அரிசோனாப் பாலைவனத்து வெட்டுக்கிளிச் சுண்டெலி தேளைக் கொன்று தின்கிறது. கொட்டு வாங்கினால் தேளின் நஞ்சே அதன் வலிநரம்பை அடைத்துவிடுகிறது. ரோமமில்லா மண்ணெலியோ ஆக்சிஜனே இல்லாமல் 18 நிமிடம் உயிரோடிருந்ததாக 2017இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு குலத்துக்குப் போதும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே எலியர்மேல் ஏற்றிவிடக் கூடாது. ஒருவருக்கு ஒன்றே.

மன உறுதிச் சோதனை என்று ஒரு விதி இருக்கிறது. சண்டை கைமீறும்போது எதிரி ஓடுகிறதா நிற்கிறதா என்பதை நடுவர் இரண்டு பகடைகளால் தீர்மானிக்கும் முறை. ஸ்கேவன் படைகளுக்கு அழகான விதி ஒன்று இருந்தது: பின்னால் எத்தனை வரிசை நிற்கிறதோ அவ்வளவு துணிச்சல். கூட்டத்தில் வீரன், தனிமையில் கோழை என்பது எலியைப் பற்றிய பழைய எண்ணம். 2011இல் சிகாகோவில் பார்ட்டல், டெசிட்டி, மேசன் மூவரும் வெளியிட்ட ஆய்வு அதைக் கலைத்தது. ஓர் எலியை ஒரு சிறு குழாயில் அடைத்து, அதன் கூட்டாளி எலியை வெளியே விட்டார்கள். குழாய்க் கதவைத் திறக்க வெளியிலிருந்த எலி தானாகவே கற்றுக்கொண்டது. பக்கத்தில் சாக்லேட் இருந்தும் பல எலிகள் கூட்டாளியையும் விடுவித்து, சாக்லேட்டையும் பங்கிட்டுக்கொண்டன. ஆகவே என் எலியருக்கு விதி இது: கட்டுண்ட, சிக்கிய, மயங்கிய தோழரை மீட்கப் போகும் வேளையில் எல்லா வீச்சுக்கும் இரண்டு கூடுதல். இருபது முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் ஐந்து சதவீதம் என்பதால் இது பத்து சதவீதத் துணிச்சல்.

ஆயுளைக் கணக்கிட்டபோதுதான் நான் உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆய்வக எலி இரண்டு மூன்று ஆண்டு வாழும். பாலூட்டிகளில் எடை பதினாறு மடங்கானால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தோராயமான விதி. எடை 91 மடங்கான எலியருக்கு ஆயுள் மூன்று மடங்குதான் கூடும்: ஒன்பது ஆண்டு! 50 கிலோ கேபிபாராவும் பத்தாண்டைத் தாண்டுவது அரிது. பெரிய விதிவிலக்கு ரோமமில்லா மண்ணெலி. சில பத்து கிராம் எடையில் முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்கிறது. பழைய விதிநூலில் ஹாஃப்லிங் எட்டாம் படிக்கு மேல் ஏற முடியாது, எல்ஃப் பத்தோடு நின்றுவிடுவார். நூற்றாண்டுகள் வாழும் எல்ஃபுக்கு ஏன் இந்தத் தடை என்று ஆட்டக்காரர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எலியரிடம் அந்தக் கேள்வியே எழாது. ஒரு வயதில் சாகசத்துக்குக் கிளம்பி, எட்டு வயதில் முதுமை எய்துபவர் எட்டாம் படியோடு நிற்பது இயல்பு. பத்தாண்டு ஓடும் ஒரு கதையில் மனிதத் தோழர் எலியரின் பேரனோடு நடந்துகொண்டிருப்பார்.

மிச்சமிருப்பது மொத்த விலை. அனுபவப் புள்ளி என்பது படி ஏறுவதற்கான மதிப்பெண். பழைய பாணியில் அது பெரும்பாலும் மீட்டுக் கொண்டுவரும் செல்வத்துக்குத்தான் கிடைக்கும், கொலைக்குச் சொற்பமே. அதனாலேயே பதுங்கிப் போய் எடுத்து வருபவருக்கு இது நல்ல உலகம். இரண்டாம் படிக்குத் திருடருக்கு 1,200 புள்ளி, போர்வீரருக்கு 2,000, வாளும் மந்திரமும் சேர்ந்த எல்ஃபுக்கு 4,000. ஆளுக்கு 20,000 புள்ளி சேரும்போது திருடர் ஆறாம் படியில் இருப்பார், எல்ஃப் நான்கில்தான் நிற்பார். வரம் அதிகமானால் ஏற்றம் மெதுவாகும் என்ற ஒரே கருத்தில் முழு அட்டவணையும் நிற்கிறது. 1985இல் எரிக் வூஜிக் எழுதிய நிஞ்சா ஆமைகள் பாத்திர விளையாட்டு வேறு வழியில் போனது. அதில் விலங்கு மனிதக் கையையும், நிமிர்ந்த நடையையும், பேச்சையும் ஒவ்வொன்றாகப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். எலி போன்ற சிறு பிராணிக்கு, உடலைப் பெரிதாக்கவும் புள்ளிகள் செலவாகும். நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனாலும் ஒரே பக்கத்தில் முடியும் பழைய முறைதான் எனக்கு உகந்தது.

கைகாக்ஸே 1979 வாக்கில் மனம் மாறிவிட்டார். வினோதப் பிராணிகளாக ஆட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பலத்துக்காகவே கேட்கிறார்கள் என்று நடுவர்களை எச்சரித்தார். அவருடைய கவலை நியாயமானது. நாம் கட்டிய எலியருக்கு உயிர்ப்புள்ளி குறைவு, தூரப் பார்வை மங்கல், ஆயுள் அற்பம், நஞ்சுக்குச் சலுகை இல்லை. மீசையும் மூக்கும் பல்லும் காதும் மட்டும் அவருடையவை. திருடரைவிடச் சற்று மேல், போர்வீரருக்குக் கீழ் என்பது என் தீர்ப்பு: இரண்டாம் படிக்கு 1,600, அதற்குமேல் ஒவ்வொரு படிக்கும் இருமடங்கு.

2000ஆம் ஆண்டில் இந்த விளையாட்டின் அடிப்படை விதிகள் திறந்த உரிமத்தில் வெளியானபின், பழைய பாணி நூல்கள் பல மறுபிறவி எடுத்தன. 2019இல் கேவின் நார்மன் தொகுத்த ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ நூலின் அடிப்படைப் பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டில் பகடையும் நாலு பேரும் இருந்தால் மேலே உள்ள விதிகளை ஒரு தாளில் எழுதி இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆடிப் பார்க்கலாம். முதல் அறையிலேயே உங்கள் எலியர் இறந்துபோனால் கவலை வேண்டாம். அடுத்தவரை உருட்ட ஐந்து நிமிடம் போதும். மூன்று நான்கு ஆட்டத்துக்குப் பிறகும் அவர் மற்றவர்களைவிட வேகமாக மேலேறுகிறார் என்று பட்டால் 1,600ஐ 2,000 ஆக்கிவிடுங்கள். பல்லைப் பற்றிய விதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.